யார் செய்த மௌனம்?

‘எறங்க முடியாதுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?’ மலக்குழியில் எங்க ஆளு ஒருத்தன் செத்ததும் படித்தவர்கள் கேட்கிற கேள்வி இது.

எங்கே நின்று சொல்வது? மேஸ்திரிக்கு அவன் பேரே தெரியாது, ‘டேய்’தான். டீ வந்தாலும் அவனுக்கு வெளியேதான். எந்தக் குழி, என்ன கருவி என்று முடிவு செய்கிற பேச்சில் அவன் இல்லை. குழிக்குள் மட்டும்தான் அவன். வாயைத் திறந்தால், ‘நாளைலேர்ந்து வராத’. ஒப்பந்தக் கூலிக்கு அதுதான் நோட்டீஸ்.

செத்த பிறகு, ‘அவனா எறங்கினான்’ என்று எழுதுகிறார்கள். கயிறு பிடித்தவனும் பேசுவதில்லை. அடுத்த முறை அவனுடையது.

1993இல் கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சாவுக்கு 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்துக்கு விலை ஏறியிருக்கிறது. உயிரோடு இருப்பவன் சொல்லும் ‘முடியாது’க்கு மட்டும் இன்னும் மதிப்பில்லை.

மௌனம் எங்க சுபாவம் இல்ல. சேரிக்கு வந்து பாருங்க, நாங்க பேசறத. வேலையிடத்தில் அதைத் தினம் தினம் உண்டாக்குகிறவன் மேலே நிற்கிறவன். பணி ஒழுக்கம் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களே, அவனிடமிருந்து தொடங்குங்கள். வழக்கும் அவன் பேரிலிருந்து தொடங்கட்டும்.