தட்டில் மிஞ்சிய சுருள்வில்

ஓர் இயந்திரத்தில் 100 உறுப்புகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு வகை உறுப்பிலும் 100-க்கு 99 பழுதற்றவை. இது போதாதா என்பீர்கள். 0.99 என்ற எண்ணை 100 தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 வரும். அதாவது, முற்றிலும் பழுதற்ற இயந்திரங்கள் 100-க்கு 37தான்!

கடைசியில் பரிசோதகர்களைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது பலர் எண்ணம். எனக்கு அது உடன்பாடன்று. பரிசோதகர் பழுதைப் பொறுக்கி எறிவார். அது பிறப்பதைத் தடுக்கமாட்டார். அவர் கண்ணும் களைக்கும் அல்லவா?

ஜப்பானில் யமாடா எலக்ட்ரிக் தொழிற்சாலையில் செய்த ஒரு சுவிட்சுக்கு இரண்டு சிறு சுருள்வில்கள் வேண்டும். தொழிலாளர்கள் சில வேளை ஒன்றைப் பொருத்த மறந்துவிடுவார்கள். 1961-இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியியலறிஞர் சொன்ன வழி மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இரண்டு வில்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்கவேண்டும். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மறதி அங்கேயே தெரிந்துவிடும்!

இத்தகைய ஏற்பாடுகளுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர். 'முட்டாள் தடுப்பு' என்று பொருள். ஒரு தொழிற்சாலையில் பெண் தொழிலாளி ஒருவர் இதைக் கேட்டு மனம் நொந்து அழுதார். ஷிங்கோ பெயரைப் 'போகா-யோகே', அதாவது 'கவனப்பிசகுத் தடுப்பு', என்று மாற்றினார். தட்டைவிட இந்த மாற்றமே பெரிது என்பேன். பிழை எங்கே நேர்கிறது என்பதை அந்த வேலையைச் செய்யும் கைதான் முதலில் அறியும். முட்டாள் என்று ஏசப்பட்டவர் பழுதான உறுப்பை எடுத்துக் காட்டுவாரா, மேசைக்கடியில் ஒளிப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.