வண்டி நமது, மாடு இரவல்!

வானத்தின் கோடியில் ஒரு புள்ளி தெரிகிறது. கண்ணை இமைப்பதற்குள் அது தலைக்கு மேல் வந்துவிடுகிறது. விமானம் முன்னே போகிறது. இடி போன்ற சத்தம் பின்னே வருகிறது! குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பெரியவர்கள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள்.

பெங்களூரை அடுத்த எலகங்கா விமானப்படைத் தளத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்த அதிசயத்தைக் காணலாம். "ஏரோ இந்தியா" என்பது அந்தக் கண்காட்சியின் பெயர். 1996-ம் ஆண்டில் தொடங்கியது. 15-வது கண்காட்சி 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது.

அந்த ஆண்டு ஒரு புதுமை! அமெரிக்காவின் எப்-35 விமானமும், ரஷியாவின் சுகோய்-57 விமானமும் ஒரே இடத்துக்கு வந்திருந்தன. இரண்டும் ராடாரின் கண்ணில் எளிதில் படாதவை. சுகோய்-57 வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

நம் வீட்டுப் பிள்ளை

ஆனால், இந்தியாவின் "தேஜஸ்" விமானம் மேலே ஏறும்போது எழும் கைதட்டலே தனி. அது நம் வீட்டுப் பிள்ளை அல்லவா?

தேஜஸ் முதன் முதலாகப் பறந்தது 2001-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி. அதன் இறக்கை முக்கோண வடிவம் கொண்டது. விமானி கைப்பிடியை அசைத்தால், அந்தக் கட்டளை மின்சாரக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இறக்கையில் உள்ள பலகைகளை அசைக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்! கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் படைப்பிரிவு இருப்பது தமிழ்நாட்டுக்கும் பெருமை.

இவ்வளவும் சரி. ஆனால் ஒரு கேள்வி உண்டு. தேஜஸின் வயிற்றுக்குள் இருக்கும் என்ஜின் யாருடையது?

அமெரிக்காவின் ஜி.இ. கம்பெனியுடையது!

வண்டி நமது. மாடு இரவல். இதுதான் இன்றைய நிலைமை.

வாங்கினால் என்ன?

"பணம் கொடுத்தால் என்ஜின் கிடைக்கிறது. பிறகு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். சுவீடன் நாட்டின் கிரிபென் விமானத்திலும் அமெரிக்க என்ஜின்தானே இருக்கிறது?

உண்மைதான். ஆனால் அந்த விமானத்தை வேறு நாட்டுக்கு விற்கவேண்டுமானால், சுவீடன் அமெரிக்காவின் சம்மதத்தையும் பெறவேண்டும்!

நம் கதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில், இதே எலகங்கா மைதானத்தில், 83 புதிய தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. மதிப்பு சுமார் 48 ஆயிரம் கோடி ரூபாய். 2024-ல் முதல் விமானம் வரும் என்றார்கள். அந்த விமானங்களுக்கு 99 என்ஜின்கள் கேட்கப்பட்டன. முதல் என்ஜினை அமெரிக்கக் கம்பெனி கொடுத்தது எப்போது? 2025 மார்ச்சில்!

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், மாடு வராமல் வண்டி நகருமா? 2025 கண்காட்சியின்போது விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கே இந்தத் தாமதம் பற்றி மனம் நொந்து பேசினார்.

பழைய பாடம்

இது புதிய கதையும் அல்ல. ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்க் என்பவரைக் கொண்டு, பெங்களூரில் "மாருத்" என்ற ஜெட் போர் விமானம் உருவாக்கப்பட்டது. 1961 ஜூன் 17-ந் தேதி அது பறந்தது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் செல்லவேண்டும் என்பது திட்டம்.

அதற்கு ஏற்ற என்ஜினை இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று உருவாக்கி வந்தது. செலவில் ஒரு பங்கை இந்தியா ஏற்கவேண்டும் என்று கேட்டார்கள். இந்தியா ஏற்கவில்லை. வேலை நின்றது. சக்தி குறைந்த என்ஜினைப் பொருத்தினார்கள். 1971 போரில் மாருத் நன்றாகவே உழைத்தது. ஆனால் நினைத்த வேகத்தை அது ஒருநாளும் எட்டவில்லை.

பின்னர் 1989-ல், சொந்த என்ஜின் செய்ய அரசு அனுமதி கொடுத்தது. அதற்குக் "காவேரி" என்று பெயர் வைத்தார்கள். வேண்டிய சக்தி கிடைக்கவில்லை. 2008-ல் தேஜஸ் திட்டத்தில் இருந்து காவேரி நீக்கப்பட்டது. அதை விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதிக்க 2010-ல் ரஷியாவுக்குக் கொண்டு போனார்கள். அதற்கான வசதி இங்கே இல்லை!

நெருப்புக்குள் ஒரு சக்கரம்

ஜெட் என்ஜின் செய்வது லேசான வேலை அல்ல. அதற்குள் எரியும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டும். அந்த நெருப்பில், சிறு சிறு தகடுகள் பதித்த சக்கரம் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலவேண்டும். தகடு செய்த உலோகமே உருகிவிடும் வெப்பம் அது! உருகாமல் இருக்க, தகட்டில் நுண்ணிய துளைகள் போட்டு, உள்ளே காற்றைச் செலுத்துகிறார்கள். தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள்.

இந்த வித்தை தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் அதைச் சுலபத்தில் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பணத்தைக் கொட்டி, பல முறை தோற்று, பிறகு கற்ற வித்தை அல்லவா?

செய்யவேண்டியது என்ன?

பிரான்சின் சாப்ரான் கம்பெனியுடன் சேர்ந்து, போர் விமான என்ஜினை இந்தியாவிலேயே தயாரிக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அறிவித்தார். நல்ல செய்தி. ஆனால் பாகங்களைப் பூட்டுவதோடு வேலை நின்றுவிடக் கூடாது. தகடு வார்க்கும் வித்தையும் கைக்கு வரவேண்டும். என்ஜினைச் சோதிக்கும் வசதி நம் மண்ணில் அமையவேண்டும். முதல் என்ஜின் வெடித்தாலும், இரண்டாவது என்ஜின் நின்றாலும், அரசு பணப்பையை மூடிவிடக் கூடாது. மக்களும் "வீண் செலவு" என்று கூச்சல் போடக் கூடாது.

எலகங்காவில் தந்தையின் தோளில் உட்கார்ந்து விமானம் பார்க்கிற குழந்தைகள் எத்தனையோ பேர்! "அப்பா, அந்த விமானம் நம்முடையதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். "ஆமாம், என்ஜினும் நம்முடையதுதான்" என்று தந்தை பதில் சொல்லும் நாள் வரவேண்டும்.

மாருத்துக்குக் கை சுருங்கியது. காவேரி பாதி வழியில் நின்றது. மூன்றாவது முறையும் அப்படி ஆகக் கூடாது!