உச்சிக்கு அரை மணி நேரம்

மாசி பிறந்தால் ஹவுரா ரயில் நிலையத்தில் இரவு நேரத்தில் ஒரு கூட்டம் தென்படும். முதுகில் பை, தோளில் கயிற்றுச் சுருள். விடிகாலையில் புருலியாவில் இறங்கி அயோத்யா மலைக்குப் போகிறவர்கள். மலைப் பித்து வங்காளிகளுக்குப் பழசு. ஷெர்ப்பாக்களின் துணையோடு வங்க இளைஞர்கள் 6,309 மீட்டர் உயர நந்தா குண்டியில் ஏறியது 1960இல்.

இந்த ஆண்டு என் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கிளம்பினாள். இலக்கு, அயோத்யா மலைகளில் உயரமான கோர்காபுரு. சுமார் 850 மீட்டர். 'புரு' என்றால் சந்தாலி மொழியில் மலை. மேய்ச்சல் தடம் மறைந்த பிறகு புதரை விலக்கித்தான் ஏற வேண்டும். "பாதை இருந்தால் அது சாலை. மலை எதற்கு, காக்கு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் புதர் வழிவிடாது. சித்திரையில் வெயில் விடாது. இலையுதிர்ந்து முகடு கண்ணுக்குத் தெரிய, புரச மரங்கள் சிவந்து நிற்கும் இந்தச் சில வாரங்கள்தான் தோது. ஆனால் உதிர்ந்த இலையெல்லாம் காலடியில் சருகாகக் கிடக்கிறது. இலுப்பைப் பூ பொறுக்குகிறவர்கள் மரத்தடிச் சருகை எரித்துத் துப்புரவாக்குவதும் இந்தப் பருவத்தில்தான். எங்கே, எப்போது எரியும் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். கொல்கத்தாவிலிருந்து போகிறவருக்குத் தெரியாது.

தமிழர்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கிப் பாயும். சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மேலே ஓடுகிற மனிதனோ மூச்சிரைத்து வேகம் குறைகிறான்.

அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024இல் 40 தடங்களைத் தேர்ந்து, வழிகாட்டியோடு திறந்தது. மறு ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, தீக்கு அஞ்சி அவற்றை மூடியது. இது சாகசத்துக்குப் போட்ட பூட்டு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பூட்டு மலைக்கல்ல, பருவத்துக்கு.

வங்காளியில் தவறான வழிக்கு 'பிபத்' என்பார்கள்; ஆபத்துக்கும் 'பிபத்'. கடைசி எழுத்தின் ஒலியில்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் அதுவும் போய், இரண்டும் ஒன்றாகிவிடும். மொழிபெயர்ப்பாளனுக்கு இது தலைவலி. குரங்கணிக்குப் பிறகு அதை வெறும் எழுத்துச் சிக்கலாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. வனத்துறையிடம் கேள், ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள், விடியலில் ஏறு, வெறும் பாறையும் ஓடையும் எங்கே என்று போகும்போதே பார்த்து வை, புகை கண்டால் திரும்பு என்றேன்.

ஞாயிறு இரவு வந்தாள். கையெல்லாம் முள் கீறல். உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கையில் பக்கத்து முகட்டில் புகை தெரிந்திருக்கிறது. கூட வந்த சந்தால் பெரியவர் ஒன்றும் பேசாமல் திரும்பி இறங்கத் தொடங்கியிருக்கிறார்.

"நீங்கள்?"

"அவர் பின்னால் இறங்கிவிட்டோம், காக்கு. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை."

மலையேற்றம் அவளுக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.