திட்டு அதிகம், கேள்வி குறைவு

தேர்தல் நெருங்கினால் காரைக்கால் கடைத்தெருவில் வாக்குவாதத்துக்குக் குறைவிருக்காது. ஆனால், அந்த வாக்குவாதத்தில் பாதிக்கு மேல் காரைக்காலைப் பற்றியதாக இருப்பதில்லை. முந்தின இரவு சென்னைத் தொலைக்காட்சிகளில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் எதற்காக மோதிக்கொண்டனவோ, அதுவே மறுநாள் காலை இங்கே தேநீர்க்கடை வாசலில் தொடர்கிறது. இது இயல்புதான். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர் என எந்தப் பக்கம் எல்லையைத் தாண்டினாலும் தமிழ்நாடு. கொள்வினை கொடுப்பினை, கோயில் திருவிழா, சினிமா, செய்தி எல்லாமே எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான். நிர்வாகம் மட்டும் வேறு. காரைக்காலின் குடிநீர்க் குழாயையும் முதியோர் உதவித்தொகையையும் அரசுப் பள்ளி ஆசிரியர் இடமாற்றத்தையும் தீர்மானிப்பது சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி. அதன் தலைக்கு மேல் டெல்லி. தமிழக முதல்வராக யார் இருந்தாலும் காரைக்காலில் ஒரு தெருவிளக்கைக்கூட அவரால் மாற்றித் தர முடியாது. அவரைப் புகழ்வதிலும் பழிப்பதிலும் நம் தேர்தல் காலம் பெரும்பகுதி கரைந்துபோகிறது. நம் ஊரில் அரசியல்வாதிகள் மீதான விமர்சனம் அளவு மீறிப் போய்விட்டது என்று வருந்துவோர் பலர். என் கருத்து வேறு. விமர்சனம் போதாது என்பதே நம் குறை. கட்சியின் மீதும் ஆளின் மீதும் விழும் வசைதான் மிகுதி. ஒருவர் பதவியில் இருந்து செய்ததன் மீதும் செய்யாமல் விட்டதன் மீதும் விழவேண்டிய கேள்விக்கு இங்கே பஞ்சம்.

பெரும் பணத்தைக் கொட்டித் தேர்தல் நடத்தும் அமெரிக்காவிலும் இதே நோய் முற்றியிருக்கிறது. ஒரே வாக்காளர் அதிபருக்கு ஒரு கட்சி, தன் மாநில செனட்டருக்கு வேறொரு கட்சி என்று பிரித்து வாக்களிப்பது அங்கே ஒரு காலத்தில் சாதாரணம். 2016இல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலங்களிலும், அதிபர் தேர்தலில் எந்தக் கட்சி வென்றதோ அந்தக் கட்சிக்கே செனட் இடமும் போனது. 2020இல் மெய்ன் மாநிலத்தில் சூசன் காலின்ஸ் ஒருவர்தான் விதிவிலக்கு. உள்ளூர்ப் பத்திரிகைகள் பல மூடப்பட்டு, தேசியத் தொலைக்காட்சியும் சமூக ஊடகமும் அந்த இடத்தைப் பிடித்தபோது, அங்கே மாநிலப் பிரச்சினையும் நகரப் பிரச்சினையும் வாக்குச்சீட்டிலிருந்து மெல்ல நழுவிவிட்டன. வாக்காளர் தன் ஊரின் பாலத்தைப் பார்த்து வாக்களிப்பதை விட்டு, தொலைக்காட்சியில் தெரியும் முகத்தைப் பார்த்து வாக்களிக்கிறார். அவர்கள் பார்ப்பது தங்கள் நாட்டுத் தலைநகரையாவது. காரைக்கால் பார்த்துக்கொண்டிருப்பதோ தன்னை ஆளாத ஒரு தலைநகரை.

கட்சியை மட்டும் வைத்து ஒருவரை அளப்பது ஏன் பயனற்றது என்பதைப் புதுச்சேரி அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் இடம் இந்தியாவில் அரிது. புதுச்சேரியின் அரசியல் தலைவர் எம்.ஓ.எச்.ஃபரூக் மரைக்காயர் 1967இல் காங்கிரஸ் முதல்வர், 1969இல் தி.மு.க. முதல்வர், 1985இல் மீண்டும் காங்கிரஸ் முதல்வர். அது பழைய கதை என்றால், 2021 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளலாம். நாராயணசாமி தலைமையிலான காங்கிரஸ் அரசுக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நான்கரை ஆண்டுகள் நடந்த மோதலில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் உரிமைக்காக நீதிமன்றப் படியேறியவர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. லட்சுமிநாராயணன். மத்திய அரசு தன்னிச்சையாக மூன்று பா.ஜ.க.வினரை நியமன எம்.எல்.ஏ.க்கள் ஆக்கியதை எதிர்த்த வழக்கிலும் அவர் பெயர் உண்டு. நியமனம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே லட்சுமிநாராயணன் 2021 பிப்ரவரி 21 அன்று பதவி விலகினார். மறுநாள் நம்பிக்கை வாக்கெடுப்பு. அவைக்கணக்கைப் பாருங்கள்: ஆளும் தரப்பில் 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்த 14இல் மூவர் மக்கள் தேர்ந்தெடுக்காத நியமன உறுப்பினர்கள். அவர்களைக் கழித்தால் எதிர்த்தரப்பு 11தான். யாருடைய நியமனத்தை எதிர்த்து வழக்காடினாரோ அவர்களுடைய எண்ணிக்கைக்கு வலுவூட்டியது அவருடைய விலகல். அரசு கவிழ்ந்தது. சில மாதங்களில், அடுத்து வந்த என்.ஆர்.காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணி அரசில் அவர் என்.ஆர்.காங்கிரஸ் அமைச்சர். காங்கிரஸின் மாநிலத் தலைவராகவே இருந்த நமச்சிவாயம் பா.ஜ.க.வின் உள்துறை அமைச்சர்.

இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். நான் கேட்பது, தெருவில் இவர்களுக்காகச் சண்டையிட்டவர்கள் கையில் கடைசியில் என்ன மிஞ்சியது என்பதை. முந்தைய தேர்தலில் ஒரு கட்சிக்காகச் சொந்த அண்ணன் தம்பியோடு முகம் கொடுக்காமல் போனவர், அடுத்த தேர்தலில் தான் ஏசிய அதே ஆளுக்கு மாலை போட நேர்கிறது. கட்சி என்ற காரணத்துக்காக வந்த வசை, கட்சி மாறியதும் செல்லாக்காசாகிவிடுகிறது. அந்த மூன்று நியமன உறுப்பினர்களின் வாக்குரிமை சரியா என்ற கேள்வி மட்டும் எந்தக் கட்சியோடும் மாறாமல் அப்படியே நிற்கிறது. அதைக் கேட்க யாரும் மிஞ்சவில்லை. ஆனாலும், 2021 பேரவைத் தேர்தலில் காரைக்காலின் திருநள்ளாறு தொகுதி மக்கள், கவிழ்ந்த அரசில் அமைச்சராக இருந்த காங்கிரஸ் வேட்பாளரையும் ஏற்கவில்லை, பா.ஜ.க. வேட்பாளரையும் ஏற்கவில்லை, சுயேச்சையாக நின்ற பி.ஆர்.சிவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிக் கொடியைத் தாண்டி யோசிக்க இந்த ஊருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று.

செயலின் மீது விமர்சனம் விழுந்தபோதெல்லாம் அதற்குப் பலன் கிடைத்திருக்கிறது. பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டபோது, 1979 ஜனவரியில் இந்தப் பகுதியே கொதித்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. கட்சி பார்க்காமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், இணைப்பு கைவிடப்பட்டது. அண்மைய உதாரணம் இன்னும் எளிது. இலவச அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஆனபிறகு புதுச்சேரியில் ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஆளும் கூட்டணியினர் போன இடமெல்லாம் பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ரேஷன் கடையை எப்போது திறப்பீர்கள்? அந்தத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளர் நமச்சிவாயம் காங்கிரஸின் வைத்திலிங்கத்திடம் தோற்றார். அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, கடைகள் திறக்கப்பட்டன. யாருடைய குலமும் குடும்பமும் இழுக்கப்படாத ஒரு கேள்வி அது. பதில் சொல்லியே தீரவேண்டியதாகவும் அதுதான் இருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எம்.எல்.ஏ.வுக்கும் முதல்வருக்கும் அதிகாரமே இல்லாதபோது அவர்களிடம் கேட்டு என்ன பயன்? கோப்பில் கடைசிக் கையெழுத்து துணைநிலை ஆளுநருடையது, பணம் டெல்லியுடையது. இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக்கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னதை, 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மக்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் மேயரும் மன்றமும் இயற்றும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறுத்திவிடலாம். அந்த நாடாளுமன்றத்திலோ அவர்களுக்கு வாக்களிக்கும் உறுப்பினர் இல்லை. அந்த மக்கள் இதைத் தங்கள் கார்களின் எண்பலகையிலேயே முழக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதிகாரம் பிரிந்து கிடப்பதால் கேள்வியைக் கைவிடுவது தவறு; யாரிடம் எதைக் கேட்பது என்பதை நாம் இன்னும் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். 2022 ஜூலையில் காலரா பரவி, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டு, மூன்று நாள் பள்ளி கல்லூரிகளை மூடினார்கள். குடிநீரில் கலந்த அசுத்தம்தான் காரணம் என்று பேசப்பட்டது. அந்தக் குழாய்களை மாற்ற எந்த ஆண்டு திட்டம் தீட்டினார்கள், கோப்பு யார் மேசையில் நின்றது, நம் தொகுதியின் எம்.எல்.ஏ. பேரவையில் அதை எத்தனை முறை எழுப்பினார் — இவை விடை உள்ள கேள்விகள். ஆளுநரைக் காரணம் காட்டும் அமைச்சரிடம், ஆளுநருக்கு நீங்கள் எழுதிய குறிப்பு எங்கே என்று கேட்கலாம். அதிகாரமில்லை என்ற ஒரே பதிலால் எல்லாரும் தப்பிக்கும் வழியை அடைப்பது நம் வேலை.

இன்னொரு மறுப்பு, சொந்தக் கட்சியை விமர்சித்தால் எதிரிக்கு ஆதாயம் என்பது. தேர்தல் நேரத்தில் வாயை மூடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கட்சியும் தொண்டனிடம் சொல்கிறது. அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. 2023 அக்டோபரில் நெடுங்காடு தனித் தொகுதி எம்.எல்.ஏ.வும் அமைச்சருமான சந்திர பிரியங்கா, சாதியாலும் பெண் என்பதாலும் தாம் நடத்தப்பட்ட விதத்தைக் குறிப்பிட்டு விலகல் கடிதம் கொடுத்தார். நாற்பதாண்டுக்குப் பிறகு புதுச்சேரி அமைச்சரவையில் இடம்பெற்ற பெண் அவர். அவர் எழுப்பிய குற்றச்சாட்டு ஆராயப்பட்டிருக்க வேண்டும். அவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்ற விவாதமே பெரிதாகி, கடிதத்தில் இருந்த விஷயம் பின்னுக்குப் போனது. ஆளும் தரப்பினர் அதைக் கட்சிக்கு வந்த சங்கடமாகப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பினர் கையில் கிடைத்த ஆயுதமாகப் பார்த்தார்கள். தன் தரப்பைக் கேள்வி கேட்பவருக்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. டிரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சியின் லிஸ் செனி 2022இல் தன் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்கடிக்கப்பட்டார். ஆனால், 2021 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் வாக்குக் கணக்கை மாற்றும்படி அதே டிரம்ப் தொலைபேசியில் வற்புறுத்தியபோது மறுத்தவரும் அதே கட்சியைச் சேர்ந்த, அம்மாநிலத் தேர்தல் பொறுப்பிலிருந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர்தான். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருந்து மறுத்திருந்தால் அதைக் கட்சிப்பகை என்று எளிதில் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளிருந்து வரும் மறுப்புக்கு வெளியிலிருந்து வரும் நூறு வசைக்கு இல்லாத எடை உண்டு.

மூன்றாவது மறுப்பு ஏழைகளுடையது; எனக்கு அதன்மீதுதான் அதிக மரியாதை. கட்சிக்காரர் துணையில்லாமல் உதவித்தொகைப் படிவம் நகராது, மருத்துவமனையில் படுக்கை கிடைக்காது, சான்றிதழ் வராது. இரண்டு லட்சம் பேர் வாழும் சிறு பகுதியில் யாரையும் பகைத்துக்கொண்டு வாழ முடியாது. இப்படிப்பட்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள் என்று உபதேசிப்பது நியாயமில்லை. அவருக்கு இத்தனை பயம் ஏன் என்று பார்க்க வேண்டும். வீட்டு வாசல் சாக்கடைக்கும் எம்.எல்.ஏ.விடமே போகவேண்டியிருப்பதால்தான் அந்தப் பயம். காரைக்காலில் ஒரு நகராட்சியும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் பெயருக்கு இருக்கின்றன. அவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலரும் இல்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவிக்கப்பட்டு, இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. காங்கிரஸ் ஆண்டது, என்.ஆர்.காங்கிரஸ் ஆண்டது, பா.ஜ.க. பங்குபெற்றது, ஒருவரும் இதை முடித்துவைக்கவில்லை. எல்லாக் கட்சிகளும் ஒரே மாதிரி நடந்துகொண்ட விஷயம் என்பதாலேயே இது எந்தக் கட்சிச் சண்டையிலும் இடம்பெறுவதில்லை.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேர்வதா என்று முடிவுசெய்த 178 பேர் யார் என்று நினைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான். 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். ஒரு நாட்டின் எல்லையையே தீர்மானிக்கத் தகுதி பெற்றிருந்த அந்த மன்றங்களுக்கு, இன்று குப்பை அள்ளுவதைத் தீர்மானிக்கவும் ஆளில்லை. அடுத்த முறை பிரசார வாகனம் உங்கள் தெருவுக்குள் வரும்போது, அதில் எந்தக் கொடி பறந்தாலும், உள்ளாட்சித் தேர்தலை எந்த மாதத்துக்குள் நடத்துவீர்கள் என்று கேளுங்கள். முதலில் நீங்கள் வாக்களிக்கப்போகும் கட்சியின் வேட்பாளரிடம் கேளுங்கள்.