கோடி ரூபாய் வண்டியும் கையகல ரப்பரும்

தில்லித் தமிழரின் வாகன சரித்திரம் டி.டி.சி. பஸ்ஸில் தொடங்கி, ஸ்கூட்டருக்கு வந்து, மாருதி 800-இல் நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்று துவாரகாவிலும் குர்காவ்னிலும் நம்மவர் வீட்டு வாசல்களில் டிஃபெண்டரும், ஃபார்ச்சூனரும், பென்ஸும் நிற்பதைப் பார்க்கிறோம். மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. உழைத்துச் சம்பாதித்தவர்கள் வாங்குகிறார்கள். பொறாமைப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வண்டிகளில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மணாலிக்கும், ஸ்பிதிக்கும், லடாக்குக்கும் புறப்படும் அன்பர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வண்டியின் திறமை எவ்வளவு பெரியதானாலும், அது தரையைத் தொடும் இடத்தில் இருப்பது டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இரும்பும், அதனுள் இருக்கும் குடும்பமும் அந்த நான்கு கையகல ரப்பரை நம்பித்தான் போகின்றன.

வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் என்ன? கூரை திறக்குமா, பாட்டுப் பெட்டி எந்தக் கம்பெனி, பின்சீட்டில் டி.வி. உண்டா? டயரைப் பற்றிய பேச்சு வந்தால், "ரிம் பெரிசா, எடுப்பா இருக்கணும் சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. குதிரைக்கு வெள்ளிச் சேணம் வாங்கிவிட்டு லாடத்தைப் பார்க்காமல் விடுகிற கதைதான் இது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரும், 1979-இல் வந்த பென்ஸ் ஜி வண்டியும் வசதியையும் காட்டுவழித் திறமையையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டின. பென்ஸ் ஜி-யில் மூன்று டிஃபரன்ஷியல் பூட்டுகள். லேண்ட் ரோவர் 2004-இல் டிஸ்கவரி வண்டியில் ஒரு குமிழ் வைத்தது. பாறை, மணல், சேறு, பனி என்று அதைத் திருகினால், என்ஜினும் கியரும் அதற்கேற்ப நடந்துகொள்ளும். ஆனால் இந்த யந்திர சாமர்த்தியம் எல்லாம் செய்வது ஒன்றே ஒன்று. இருக்கிற பிடிப்பைச் சக்கரங்களுக்குள் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இல்லாத பிடிப்பை அது உண்டாக்க முடியாது. பிடிப்பைத் தருவது ரப்பர்.

இதைவிட முக்கியமான விஷயம் பிரேக். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எந்தச் சின்னக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. பனி படர்ந்த இறக்கத்தில் கோடி ரூபாய் வண்டியும் ஆல்ட்டோவும் சமம். சொல்லப்போனால், கனம் அதிகமான வண்டியை நிறுத்துவது இன்னும் கஷ்டம். அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு, குளிர்காலத்திலும் சிஸ்ஸு வரை போய்ப் பனியைப் பார்த்துவரும் பழக்கம் தில்லிக் குடும்பங்களுக்கு வந்துவிட்டது. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் சிக்கிக்கொண்டன. ஏறும்போது வழுக்காத வண்டி இறங்கும்போதும் வழுக்காது என்கிற தைரியம்தான் அங்கே ஆபத்து.

இனி ரிம் விஷயத்துக்கு வருவோம். டயரின் பக்கச்சுவரில் 255/70 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 18 அங்குலம் என்று பொருள். டிஃபெண்டருக்குக் கம்பெனி வைத்திருக்கும் அளவுகளில் இது ஒன்று. பக்கச்சுவர் சுமார் 178 மி.மீ. அதே வண்டிக்கு 275/45 ஆர் 22 என்ற அளவும் உண்டு. அதில் பக்கச்சுவர் 124 மி.மீ.தான். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றேதான். ரிம் வளர வளர ரப்பர் தேய்ந்துபோகிறது. கூரான கல்லில் ஏறும்போது அமுங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர். அது குட்டையானால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கிக் கிழியும். கிராம்புவிலிருந்து குன்ஸும் கணவாய் போகும் பாதையில் பல இடங்களில் ஆற்றுக் கூழாங்கல்லும் ஓடைத் தண்ணீரும்தான் சாலை. அங்கே 22 அங்குல ரிம்மின் பளபளப்பை மெச்ச யாரும் இல்லை. பங்க்சர் கடையும் இல்லை.

"அப்படியானால் எல்லோரும் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். நெடுஞ்சாலைக்கான ஹெச்.டி., இரண்டுக்கும் பொதுவான ஏ.டி., சேற்றுக்கான எம்.டி. என்று டயர் மூன்று வகை. எம்.டி. டயர் தார்ச்சாலையில் இரையும், பெட்ரோலைக் குடிக்கும், மழைச்சாலையில் நிற்க அதிக தூரம் எடுக்கும். ஆபீஸும் ஏர்போர்ட்டும் தவிர எங்கும் போகாதவருக்கு ஹெச்.டி.யே உத்தமம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலைக்குப் போகிறவருக்கு, பிரேக் இடம் கொடுக்கும் அளவுக்குச் சின்ன ரிம்மும் நல்ல ஏ.டி. டயரும் போதும். பனிக்கு அதிலும் தனிக் குறி பார்க்க வேண்டும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரைதான் பனியில் சோதித்துத் தந்தது. கண்ணாடி போல் உறைந்த பனிப்பாளத்தில் அதுவும் போதாது. சங்கிலி வேண்டும், இல்லையேல் திரும்பி வர வேண்டும்.

தில்லியில் இன்னொரு தொந்தரவும் உண்டு. பெரிய வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். டயரில் பள்ளம் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் முதிர்ந்து இறுகியிருக்கும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் காட்டிச் சோதிக்க வேண்டும்.

ஸ்டெப்னியையும் பாருங்கள். காற்றழுத்தம் காட்டும் கருவியும் ஒட்டுப்போடும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே வண்டி விற்கலாம் என்று 2020-இல் விதி வந்தது. ஆணி குத்தினால் அந்தப் பெட்டி உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. மலைக்குப் போகிறவர் முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் போகலாகாது.

மேலே 4,500 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயரின் அளவுமானி சுமார் 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து சிலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அதே டயரோடு சமவெளிக்கு இறங்கி நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம். இறக்கியவர் கீழே வந்ததும் அடித்துக்கொள்ள மறக்கக்கூடாது. ஜெய்சல்மேர் மணலுக்காகக் காற்றைக் குறைப்பவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

கோடையில் மணாலியிலிருந்து காஜாவுக்கு ஹிமாசல் அரசு பஸ் போகிறது. அதற்குக் குமிழும் இல்லை, மூன்று பூட்டும் இல்லை. உயரமான டயரும், வழி தெரிந்த, அவசரப்படாத ஓட்டுநரும்தான் அதன் பலம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்கள் நம் பெரியவர்கள். அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டுமுன் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பாருங்கள். புது வண்டி வாங்கப் போகிறவர்கள், "எனக்குப் பொருந்தும் சின்ன ரிம் எது? முழு ஸ்டெப்னி உண்டா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் விற்கிறவர்களும் சொல்லத் தொடங்குவார்கள்.