மருந்து யாருக்கு?



நம் ஏழாயிரம்பண்ணையில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனையன்று, தீப்பெட்டி ஆலைதான். குச்சியின் தலையில் இருப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரசின் மீது குச்சியை உரசினால் தீ பிறக்கிறது. அதே பாஸ்பரஸ், பாஸ்பேட் என்னும் உருவில் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் வேலை செய்கிறது என்று அறிந்தபோது நான் வியந்தேன்.

நம் உயிரணுக்களில் 'ஏபிஎல்' என்றொரு புரதம் உண்டு. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றொரு புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் பணி. ஒட்டியதும் 'வளர்க, பெருகுக' என்ற செய்தி பரவுகிறது. வேண்டியபோது தொடங்கி, வேண்டாதபோது நின்றுவிடுவதே அதன் இயல்பு. ஆனால் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்டால், ஏபிஎல் மரபணு 'பிசிஆர்' என்னும் மற்றொரு மரபணுவுடன் இணைந்துவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் கூட்டுப் புரதம் ஓய்வதே இல்லை. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டாகிறது.

இந்நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் சிறுத்திருப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு இருவரும் 1960இல் கண்டனர். துண்டுகள் இடம் மாறியதே காரணம் என்று 1973இல் காட்டியவர் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி. நான்கு மக்களின் தாயான அவர், வீட்டு உணவு மேசையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து அடுக்கி ஆராய்ந்தார். தோழியரே, ஆராய்ச்சிக்கு மாளிகை வேண்டியதில்லை. உற்று நோக்கும் கண்கள் வேண்டும்.

காரணம் தெரிந்ததால் மாற்றும் பிறந்தது. ஏ.டி.பி. வந்து அமரும் குழியில் தான் அமர்ந்துகொண்டு அப்புரதத்தை முடக்கும் 'இமாடினிப்' என்ற மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் அதைப் பெற்ற ஆய்வு நோயாளிகளில் நூற்றுக்கு 89 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். சிலரிடம் புரதம் மேலும் உருமாறி மருந்துக்கு அடங்காமல் போவதும் உண்டு. அதற்கென்று புதிய மருந்துகளும் வந்துள்ளன.

ஆனால் மாத்திரை இருந்தால் மட்டும் போதுமா? இந்தியாவில் நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்ததோ சுமார் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தை 2006இல் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் சென்று, இறுதியில் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. அறிந்த பொருளின் புதுவடிவம் நோயைத் தீர்ப்பதில் மேம்பட்டதென்று நிறுவப்படாவிட்டால் காப்புரிமை இல்லை என்று 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு வந்தது.

"இலாபம் இல்லையேல் யார் ஆராய்வார்?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். பல்லாண்டு உழைப்புக்கும் செலவுக்கும் பலன் வேண்டும். அந்நிறுவனம் பல ஏழை நோயாளிகளுக்கு மாத்திரையை இலவசமாக வழங்கியதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் உண்மையான புதுமைக்குப் பரிசு கொடுப்பது வேறு. பழையதைச் சற்றே மாற்றிக் காப்புரிமையை நீட்டிப்பது வேறு. மேலும், பிறர் மனமிரங்கித் தருவது நின்றுபோகலாம். வாங்கக்கூடிய விலை நிலைத்து நிற்கும்.

எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டி ஆலையில் நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கு இந்நோய் வந்தால், மாதம் ஓர் இலட்சத்துக்கு எங்கே போவாள்? அவளது உயிரணுவிலுள்ள புரதமும் செல்வர் உடலிலுள்ள புரதமும் ஒன்றே. நோய் வேற்றுமை பாராட்டுவதில்லை. மருந்தின் விலை மட்டும் பாராட்டலாமா?

ஆகவே, ஆய்வகத்தில் வென்றது பாதி வெற்றியே. ஏழையின் கைக்கு எட்டும்போதுதான் அது முழுமை பெறுகிறது என்பது என் கருத்து. நம்முள் நாளை ஆராய்ச்சியாளராகவும், வழக்கறிஞராகவும், மருத்துவராகவும் ஆகப்போகிறவர்கள் இருக்கிறோம். 'இம்மருந்து யாருக்கு?' என்ற கேள்வியை நாம் மறவாதிருப்போமாக!