போர்க் கையில எந்த ராக்கெட்?

"களிமண் தரையில பியான் போர்கும் நடாலும் மோதினா யார் ஜெயிப்பாங்க?" நண்பர்கள் குரூப்ல இந்தச் சண்டை வந்தா, உடனே கோப்பைகளை எண்ணாதீங்க பாஸ். பிரெஞ்சு ஓபன்ல நடாலுக்கு 14, போர்குக்கு 6. அதோட பேச்சே முடிஞ்சிடும். 'எந்த ராக்கெட்?'னு கேளுங்க.

ஏன்னா, காலம் கடந்த மேட்ச் ஒண்ணு நிஜமாவே நடந்திருக்கு. பல வருட ஓய்வுக்குப் பிறகு, 1991-ல் மான்டி கார்லோவில் போர்க் மறுபடி களமிறங்கினார், பழைய மர ராக்கெட்டோடு! எதிரில் ஸ்பெயினின் ஜோர்டி அரெஸ், கையில் நவீன ராக்கெட். 2-6, 3-6 என போர்க் காலி. வயசும் 34 ஆகியிருந்தது, அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

இப்போ உல்ட்டாவா யோசிங்க. நடால் கையில மர ராக்கெட்டைக் கொடுத்து 1978 பாரிஸுக்கு அனுப்புங்க. அந்த வருஷம் போர்க் ஒரு செட்கூட இழக்காம சாம்பியன் ஆனவர். அந்த மேட்ச்ல என் ஓட்டு போர்குக்குத்தான். உங்க ஓட்டு?